கைமாறிய அலைக்கற்றை, கைமாறாத கடமை

(கார்வேட்டிநகரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



கார்வேட்டிநகரம் என்றதும் வேணுகோபாலசாமி கோயிலும், அந்தச் சாமிமீது பதங்கள் இயற்றிய சாரங்கபாணியும், ஜமீன் காலத்து அரண்மனையும் புஷ்கரணியும் நினைவுக்கு வரும். இங்கே இசையைப் பற்றியோ கல்வெட்டுகளைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் அலைக்கற்றையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ரேஷன் அரிசிக்குக் கைரேகை வைப்பது, மாணவர் பாடம் பார்ப்பது, நோயாளிக்கு ஆம்புலன்ஸ் அழைப்பது எல்லாம் இன்று சிக்னலை நம்பியிருக்கின்றன. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தொழிலாளர் வருகையைச் செல்போன் செயலியில் படமெடுத்துப் பதிவதை 2023 ஜனவரி முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. மலையடிவாரத்தில் மண் வெட்டுகிறவரின் கூலிக் கணக்கே செல்போன் கோபுரத்தின் எட்டுதூரத்துக்குள் வந்துவிட்டது. அந்த எட்டுதூரத்தை யார் தீர்மானிப்பது என்பது பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சிக்கென்று உலகம் ஒதுக்கி வைத்திருந்த அலைக்கற்றையைச் செல்போன் சேவைக்கு மாற்றிக் கொடுத்தது சரியான முடிவு. ஆனால் தொலைக்காட்சியிடம் இருந்தபோது அந்த அலைக்கற்றையோடு ஒரு கடமையும் சேர்ந்திருந்தது. கடைசி வீடு வரை எட்ட வேண்டும், சந்தா கேட்காமல் எட்ட வேண்டும் என்பதே அது. அலைக்கற்றை கைமாறியது, கடமை முழுமையாகக் கைமாறவில்லை. அதை மீண்டும் சேர்க்க வேண்டும் என்பதை ஆறு கூறுகளாக எடுத்துச் சொல்கிறேன்.

1. அந்தப் பட்டையின் இயல்பு

வானொலி அலைகளெல்லாம் ஒரே தரத்தவை அல்ல. தொலைக்காட்சியிடமிருந்து செல்போனுக்கு மாறிய 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். இன்று 5ஜி சேவைக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9 சென்டிமீட்டர்தான். நீளமான அலை மேட்டின் விளிம்பில் ஓரளவு வளைந்து மறுபக்கம் இறங்கும். இலைகளையும் சுவரையும் குறைந்த இழப்போடு கடக்கும். குறுகிய அலை அதிகத் தரவைச் சுமக்கும், ஆனால் விரைவில் சோர்ந்துவிடும். ஒரே வகை ஆன்டெனா, ஒரே திறன், ஒரே தூரம் என்று வைத்துக்கொண்டால், திறந்த வெளியிலேயே 2100 மெகாஹெர்ட்ஸை விட 700 மெகாஹெர்ட்ஸில் ஒன்பது மடங்கு வலுவான சிக்னல் வந்து சேரும். அடர்ந்த மாந்தோப்பும் குன்றும் குறுக்கிட்டால் இடைவெளி இன்னும் கூடும். குன்றுகளுக்கு நடுவே மாந்தோப்புகள் நிறைந்திருக்கும் நம் வட்டாரத்தில் இது ஏட்டுக் கணக்கோடு நிற்பதில்லை.

தொலைக்காட்சிக்கும் செல்போனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தூர்தர்ஷனின் உயர்திறன் ஒளிபரப்பி 10 கிலோவாட் வரை வீசியது. வீட்டுக்கூரை ஆன்டெனா அதைப் பெற்றுக்கொண்டால் போதும், பதில் சொல்ல வேண்டியதில்லை. செல்போன் பதில் சொல்ல வேண்டும். கோபுரம் எத்தனை வாட் வீசினாலும், கையிலிருக்கும் கருவி ஏறத்தாழ 0.2 வாட்டில்தான் திருப்பிப் பேசும். திரையில் சிக்னல் கோடுகள் தெரிந்தும் அழைப்பு போகாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோபுரத்தின் குரல் நமக்குக் கேட்கிறது. நம் குரல் கோபுரத்துக்குக் கேட்பதில்லை. தாழ்ந்த அலைவரிசை இந்த மெல்லிய குரலுக்குத்தான் முதலில் துணை செய்கிறது. ஆகவே கிராமத்துக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை அடிப்படைத் தேவை. நகரத்தில் அது கட்டடத்துக்குள்ளும் சிக்னலைக் கொண்டுசேர்க்கும் கூடுதல் வசதி.

2. இந்தியாவில் அந்த இடம் காலியான விதம்

நம் தொலைக்காட்சி வரலாற்றில் கிராமத்துக்குத் தனி இடம் உண்டு. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆந்திரம் உட்பட ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகப் பாடமும் வேளாண் செய்தியும் ஒளிபரப்பினார்கள். 860 மெகாஹெர்ட்ஸில் இறங்கிய அந்த அலையை, கம்பி வலையால் செய்த குடைபோன்ற ஆன்டெனாக்கள் ஏந்தின. மாநகரங்கள் பலவும் தொலைக்காட்சி காணாத நாளில் பின்தங்கிய கிராமங்களைத் தேடிப்போன திட்டம் அது. பிறகு 1980களில் குறைந்த திறன் ஒளிபரப்பிகள் ஊர் ஊராக எழுந்தன. காலப்போக்கில் தரைவழி ஒளிபரப்பு நாட்டு மக்களில் பத்தில் ஒன்பது பேரை எட்டியது. இலாபம் பார்த்திருந்தால் அந்த எண்ணிக்கை பாதியைக்கூடத் தொட்டிருக்காது.

மற்ற நாடுகளில் இந்தப் பட்டையைக் காலி செய்வது பெரும் போராட்டமாக இருந்தது. தனியார் நிலையங்கள் பல அதில் குடியிருந்தன. இந்தியாவில் தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷன் ஒன்றிடமே இருந்தது; தனியார் அலைவரிசைகள் கேபிளிலும் செயற்கைக்கோளிலும் வந்தன. தூர்தர்ஷனும் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியைப் பெரிதாக நிரப்பவில்லை. அதற்குக் கீழே, அது வழக்கமாகப் பயன்படுத்திய பகுதியிலும் இடம் தாராளமாகவே இருந்தது. 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 15 அலைவரிசைகளில் குறைந்தது 12, நாட்டின் எந்த இடத்திலும் காலியாகவே கிடக்கின்றன என்று ஐ.ஐ.டி. பம்பாய் ஆய்வாளர்கள் 2014இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த வெற்றிடத்தைக் கொண்டே மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டச் சிற்றூர்களில் இணையத்தைக் கொண்டுசேர்க்கும் சோதனையையும் அவர்கள் நடத்தினார்கள்.

இதற்குள் மக்கள் இலவசத் தொலைக்காட்சிக்கு 2004 முதல் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி பழைய அனலாக் ஒளிபரப்பிகளைப் படிப்படியாக நிறுத்தியது. எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் ஏறத்தாழ 50 மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடுவதாக அறிவித்தது. 5ஜி போன்ற புதிய தொழில்நுட்பங்களுக்கு அலைக்கற்றை விடுபடும், ஆண்டுக்குச் சுமார் 100 கோடி ரூபாய் செலவு மிச்சமாகும் என்றும் சொன்னது. முடிவு நியாயமானது. யாரும் பார்க்காத ஒளிபரப்புக்கு மின்சாரம் செலவிடுவதில் பொருளில்லை. ஆனால் மிச்சக் கணக்கு எழுதியபோது, அந்த ஒளிபரப்பிகள் சுமந்த கடமை அடுத்து யார் பெயரில் ஏறும் என்ற கணக்கை யாரும் எழுதவில்லை.

3. விலை சொல்லிக் காத்திருந்த ஆண்டுகள்

700 மெகாஹெர்ட்ஸ் பட்டை முதன்முதலில் ஏலத்துக்கு வந்தது 2016 அக்டோபரில். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்த அடிப்படை விலை, நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். ஒருவரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் 6,568 கோடிக்குக் குறைத்தார்கள். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. 2022 ஜூலை இறுதியில் தொடங்கிய 5ஜி ஏலத்தில் 3,927 கோடி. முதல் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ரிலையன்ஸ் ஜியோ 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வீதம் வாங்கியது. அந்த ஏலத்தில் வைத்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் 60 விழுக்காடு அப்போதும் விலைபோகவில்லை.

இந்த ஆறு ஆண்டுகளில் அந்த அலை யாருக்கும் உதவவில்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டால் அடுத்த ஆண்டு பயிரிடலாம், கனிமத்தைத் தோண்டாமல் விட்டால் அது மண்ணிலேயே இருக்கும். அலைக்கற்றையில் இன்று பயன்படுத்தாத மணி நேரத்தை நாளைக்குச் சேமிக்க வழியில்லை. 2020-21இல் பள்ளிகள் மூடிக் கிடந்து குழந்தைகள் செல்போன் பாடத்துக்குச் சிக்னல் தேடி மேட்டில் ஏறியபோது, தூரம் போகும் இந்த அலை உயர்ந்த விலைச்சீட்டோடு சும்மா இருந்தது. அந்தப் படிப்பு இழப்பு எந்தக் கருவூலக் கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை.

அரசுக்கு வருவாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2012 பிப்ரவரியில் ஏலமின்றி வழங்கப்பட்ட 122 தொலைத்தொடர்பு உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, ஏலமே நேர்மையான வழி என்ற எண்ணம் வலுப்பட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. அதே நீதிமன்றம் 1995இல், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில், வான் அலைகள் பொதுச்சொத்து, அவை பொதுநலனுக்காகவே கையாளப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்ததையும் சேர்த்து நினைக்க வேண்டும். பொதுச்சொத்தை விற்றால் உரியவருக்குக் கிடைக்க வேண்டியது பணமாகவும் இருக்கலாம், சேவையாகவும் இருக்கலாம். ஏல மேடையில் முதலாவதை மட்டுமே எண்ணினோம். ஏரிப் பாசனத்தில் நம் முன்னோர் வைத்திருந்த முறை வேறு. மதகைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே பங்கீடு சரி என்று ஒப்புவார்கள். அலைக்கற்றைக்கும் அந்தக் கடைமடைக் கணக்கே பொருந்தும்.

4. கடமையோடு கைமாற்றிய நாடுகள்

இது நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை என்று சொல்பவர்களுக்கு ஜெர்மனி பதில். தொலைக்காட்சி விட்டுச்சென்ற 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2010இல் அந்நாடு ஏலம் விட்டபோது, ஊர்களை மக்கள்தொகைப்படி நான்கு படிகளாகப் பிரித்தது. இணைய வசதி குறைந்த ஊர்களில் 5,000க்கும் குறைவான மக்கள் வாழும் சிற்றூர்கள் முதல் படி. பெருநகரங்கள் கடைசிப் படி. சிற்றூர்களில் 90 விழுக்காட்டை முடித்த பிறகே அடுத்த படியில் இந்த அலையைப் பயன்படுத்தலாம். நிறுவனங்கள் ஓடிவிடவில்லை. அந்த ஏலம் மொத்தம் சுமார் 440 கோடி யூரோ ஈட்டியது, அதில் பெரும்பங்கு இந்தப் பட்டையிலிருந்தே வந்தது. சிற்றூரை முன்னே வைத்தும் கருவூலத்தை நிரப்ப முடிந்தது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 2017இல் முடிந்த 600 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில், அலைவரிசையை விட்டுக்கொடுக்க முன்வந்த தொலைக்காட்சி நிலையங்களுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் கொடுத்தது. செல்போன் நிறுவனங்களிடமிருந்து 1,980 கோடி டாலர் பெற்றது. விட்டுக்கொடுப்பவருக்கு ஈடு உண்டு என்ற நேர்மை அதில் இருக்கிறது. விலையால் வரும் தேக்கமும் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலியா 2013இல் 700 மெகாஹெர்ட்ஸை உயர்ந்த விலைக்கு வைத்ததால் மூன்றில் ஒரு பங்கு விலைபோகாமல் நின்று, 2017இல்தான் விற்றது. விலையை ஏற்றி வைத்தால் தாமதம் வரும், கடமையை எழுதி வைத்தால் சேவை வரும். இந்த மூன்று நாடுகளின் அனுபவத்திலிருந்து நான் பெறும் பாடம் இது.

5. எல்லைப்புறத்தின் கணக்கு

நம் வட்டாரம் ஒரு மாநில எல்லையின் ஓரம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இப்பகுதி முழுவதும் சென்னை மாகாணத்தில் இருந்தது. தமிழ்ப் பகுதிகளைக் கோரி நடந்த வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கார்வேட்டிநகரமும் புத்தூரும் நகரியும் ஆந்திரத்தில் நின்றன. கல்யாணமும் சந்தையும் நூல் வியாபாரமும் கோடு பார்ப்பதில்லை. இங்கிருந்து இறங்கும் குசஸ்தலை ஆறு பூண்டி ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. தொலைத்தொடர்பு மட்டும் கோட்டைப் பார்க்கிறது. நாம் ஆந்திர வட்டம், திருத்தணி தமிழ்நாடு வட்டம். ஒவ்வொரு வட்டமும் தனி உரிமம், தனித் திட்டம். வட்டத்தின் நடுவிலிருந்து பார்த்தால் எல்லையோரக் குன்றுகள் கடைசியாகத்தான் கண்ணில் படும். அதோடு, இங்குள்ள கோபுரத்தின் அலை அங்கே இடையூறு செய்யாமல் இருக்க, எல்லையில் திறனைக் குறைத்தும் ஆன்டெனாவைச் சாய்த்தும் வைக்க வேண்டியிருக்கிறது. தூரம் போவதே 700 மெகாஹெர்ட்ஸின் சிறப்பு. எல்லையில் அந்தச் சிறப்பையே கட்டிப்போடுகிறோம்.

இங்கே ஒரு நல்வாய்ப்பும் இருக்கிறது. ஜியோ இந்தப் பட்டையை எல்லா வட்டங்களிலும் வைத்திருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 89,047 கோடி ரூபாய் மறுசீரமைப்பின் பகுதியாக, பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல்லுக்கும் 22 வட்டங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கப்பட்டது. எல்லையின் இரு பக்கமும் ஒரே நிறுவனம், ஒரே பட்டை. ஆகவே நகரி, புத்தூர், திருத்தணி, பள்ளிப்பட்டுக் கோபுரங்களை ஒரே வரைபடத்தில் வைத்துத் திட்டமிடத் தடையில்லை. குன்றின் இந்தப் பக்க நிழலில் உள்ள ஊருக்கு அந்தப் பக்கக் கோபுரம் எளிதாக எட்டுமானால், அது எந்த மாநிலத்தில் நிற்கிறது என்று கேட்கத் தேவையில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஜியோ இந்தப் பட்டையை 5ஜி சேவைக்கே பயன்படுத்துகிறது. 5ஜி கருவி இல்லாதவருக்கு அந்த அலை தலைக்குமேல் போனாலும் பயனில்லை. பிஎஸ்என்எல் 4ஜி சேவைக்கு இதைப் பயன்படுத்துகிறது. எனவே பழைய 4ஜி செல்போன் வைத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு, அந்தக் கருவி 700 பட்டையை ஏற்குமானால், பொதுத்துறையின் கோபுரமே உண்மையான வரவு. 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசேர்க்க 2022 ஜூலையில் ஒப்புதல் பெற்ற 26,316 கோடி ரூபாய்த் திட்டமும் அதே பிஎஸ்என்எல் வழியாகத்தான் நடக்கிறது. அரசு நிதியில் எழுந்த கோபுரங்களில் ஒரு நிறுவனத்தின் சிக்னலை மற்ற நிறுவன வாடிக்கையாளரும் பயன்படுத்தும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. கடமை முழுவதும் மறைந்துவிடவில்லை என்பதற்கு இவை சான்று. ஆனால் இவை அரசு தன் பணத்தில் செய்பவை. அலைக்கற்றை பெற்றவரின் உரிமத்தோடு ஒட்டிய கடமையாக அவை இன்னும் ஆகவில்லை.

6. எஞ்சியிருக்கும் பட்டையும் நம் கோரிக்கைகளும்

கதை 700 மெகாஹெர்ட்ஸோடு முடியவில்லை. 600 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2022 ஏலத்தில் வைக்கப்பட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதற்கும் கீழே 526 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் செல்போன் சேவைக்கு விடுவிக்கத் திட்டமிடுமாறு 2022இல் டிராய் பரிந்துரைத்தது. மறுபுறம், அதே பகுதியில் இணையமே இல்லாமல் செல்போனில் நேரடியாகத் தொலைக்காட்சி காணும் முறைக்கு, ஐ.ஐ.டி. கான்பூர் துணையோடு பிரசார் பாரதி முயன்று வருகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதை எதிர்க்கின்றன. வெள்ளக் காலத்தில் ஒரே நேரத்தில் இலட்சம் பேருக்கு எச்சரிக்கை சொல்ல ஒளிபரப்பே ஏற்றது. மருத்துவரிடம் பேசவும் மனு அனுப்பவும் இருவழி இணையமே வேண்டும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. யார் எடுத்தாலும் கடமையோடு எடுக்க வேண்டும் என்பதே என் நிலை.

தாழ்ந்த அலையால் எல்லாம் நடந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸ் என்பது குறுகிய பாதை. ஒரே நேரத்தில் நூறு பேர் படம் பார்த்தால் நெரிசலாகும். கோபுரத்துக்குக் கண்ணாடியிழைக் கேபிளும் தடையில்லா மின்சாரமும் வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸ் ஊரை எட்டவைக்கும், உயர்ந்த அலைவரிசை ஊருக்குள் வேகம் தரும். முதலாவது இல்லாத இடத்தில் இரண்டாவதைப் பற்றிப் பேச முடியாது.

ஆகவே நான்கு கோரிக்கைகள். முதலாவது, தொலைக்காட்சிப் பட்டையிலிருந்து வரும் எந்த அலைக்கற்றையையும் இனி ஏலம் விடும்போது, மாவட்டத் தலைநகரைக் கணக்கில் வைக்காமல், சிக்னல் இல்லாத சிற்றூர்களின் பட்டியலை உரிமத்தோடு இணைக்க வேண்டும். ஜெர்மனியைப்போல் சிற்றூர் முதலில். இரண்டாவது, அந்தக் கடமையை நிறைவேற்றும் செலவை ஏலத் தொகையில் கழித்துக்கொள்ள வழி வேண்டும்; அரசு பணமாகப் பெறுவதில் ஒரு பகுதியைச் சேவையாகப் பெறட்டும். மூன்றாவது, வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் இடங்களில் அலைக்கற்றையைத் திரும்பப் பெற வேண்டும். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. நான்காவது, இரு வட்டங்கள் கூடும் எல்லைப் பகுதிகளுக்கு ஒரே கூட்டுத் திட்டம் வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளுக்கு வலு சேர்க்கும் வேலை உங்கள் கையில் இருக்கிறது. எங்கெங்கே தங்கள் சேவை எட்டுகிறது என்று காட்டும் வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று 2024இல் டிராய் விதித்தது. இங்குள்ள ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் கார்வேட்டிநகரம் மண்டலத்தின் ஒவ்வொரு குடியிருப்பிலும், பள்ளி வாசலிலும் தோப்பிலும் வீட்டுக்குள்ளும், நிறுவன வாரியாகச் சிக்னலை அளந்து அந்த வரைபடத்தோடு ஒப்பிடட்டும். வரைபடத்தில் வண்ணம் இருந்து கையில் சிக்னல் இல்லாத இடங்களைத் தெலுங்கிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு ஏலத்துக்கு முன்பும் டிராய் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தருகிறது. இதுவரை பெரும்பாலும் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களுமே அதில் பேசி வந்திருக்கின்றன. அடுத்த அறிக்கை வரும்போது, ஊர்ப்பெயரும் அளவீடும் தேதியும் கொண்ட ஒரு மனு இந்த ஊரிலிருந்து போக வேண்டும். பொதுச்சொத்துக்கு உடைமையாளர்கள் நாம். கடமையைக் கேட்டுப் பெறும் பொறுப்பும் நமக்கே உண்டு.